ஸ்லாசன் விருது: வங்கதேசக் களப்பணிக்கு 3,000 பவுண்டு எதற்கெல்லாம் காணும்?

புவியியலில் பிஎச்.டி. செய்ய பிரிட்டன் வரும் நம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, ஃபீஸுக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சிடுச்சு. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாசாமாசம் பணம் வருது. ஃபீல்டுக்குப் போகத்தான் காசு இல்ல. யார் கொடுப்பாங்க?"

வளர்ச்சி சார்ந்த தலைப்பை எடுத்தவர்களுக்கு இந்தக் கேள்வி கழுத்தை நெரிக்கும். பல்கலைக்கழகம் இருப்பது இங்கிலாந்தில். ஆய்வு நடக்க வேண்டியது மலாவியிலோ நேபாளத்திலோ வங்கதேசத்திலோ. டிக்கெட், விசா, காப்பீடு, தங்குமிடம், மொழி தெரிந்த உதவியாளர், படகு, பைக் என்று எழுதிக்கொண்டே போனால் தாள் நிரம்பிவிடும். அதனால் நான் வாங்கிச் செலவழித்த ஒரு நல்கையை, அதாவது திருப்பித் தர வேண்டாத ஆய்வு நிதியை, பற்றி விவரமாக எழுதுகிறேன். ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி வழங்கும் ஸ்லாசன் விருது அது. பெயரில் விருது என்று இருந்தாலும் மெடலும் மேடையும் கிடையாது. களத்துக்குப் போக, அங்கே தங்கி வேலை பார்க்கக் கொடுக்கும் பணம். நான் விண்ணப்பித்தபோது உச்சவரம்பு 3,000 பவுண்டு.

முதலில் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம். 1830-இல் லண்டனில் தொடங்கியது. 1913 முதல் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்குப் பக்கத்தில், ஹைட் பார்க்கைப் பார்த்தபடி இருக்கும் லௌதர் லாட்ஜ்தான் அதன் வீடு. 1995-இல் பிரிட்டிஷ் புவியியலாளர் கழகம் இதோடு இணைந்தது. கட்டடத்தின் வெளிச்சுவர்களில் ஆப்பிரிக்காவுக்குப் போன லிவிங்ஸ்டனும் தென்துருவப் பக்கம் போன ஷாக்கில்டனும் சிலைகளாக நிற்கிறார்கள். ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் அளந்து வரைபடம் போட ஆள் அனுப்பிய சங்கம் இது. அந்த வரைபடங்கள் யாருக்குப் பயன்பட்டன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வாசலைக் கடக்கும்போது எனக்கு உறுத்தல் உண்டு. அதே வாசல் வழியாகத்தான், குடிநீருக்கு நடக்கும் பெண்களைப் பற்றி எழுத எனக்குப் பணம் வந்தது. இரண்டும் உண்மை. ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்க எனக்கு மனமில்லை.

ஸ்லாசன் தம்பதி சங்கத்துக்குக் கொடுத்த நன்கொடையில் இந்த விருது நடக்கிறது. சமூகப் பயன் அதிகமுள்ள, பெரும்பாலும் வளர்ச்சிப் பிரச்சினைகளைத் தொடுகிற புவியியல் களப்பணி என்பதுதான் இதன் வரம்பு. பிரிட்டன் பல்கலைக்கழகம் ஒன்றில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருக்க வேண்டும், சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். மாணவர்களுக்கென்றே முதுநிலை உறுப்பினர் என்று ஒரு வகை இருக்கிறது, அதுவே போதும். என்னுடையது இந்தியக் கடவுச்சீட்டு. பிரிட்டிஷ் அரசின் ஆய்வுக் கவுன்சில்கள் தங்கள் பிஎச்.டி. நிதியை 2021-இல்தான் வெளிநாட்டு மாணவர்களுக்கு முழுமையாகத் திறந்துவிட்டன. அதிலும் நூற்றுக்கு 30 பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு உண்டு. அந்த வரிசைக்கு வெளியே நிற்கும் என் போன்றவர்களுக்கு இப்படிப்பட்ட சங்கங்களின் சிறு நல்கைகள்தான் கதி.

இனி ஆய்வு. அதைச் சொல்லாமல் பணத்தைப் பற்றிப் பேச முடியாது.

வங்கதேசத்தில் குல்னா மாவட்டத்தின் தென்கோடியில் தாகோப் என்று ஓர் உபஜிலா இருக்கிறது. நம் வட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பகுதி. கிழக்கே பசூர் ஆறு, மேற்கே சிப்சா ஆறு, தெற்கே சுந்தரவனம். 1960-களில் தொடங்கி இந்தக் கரையோரம் முழுக்க மண் கரை போட்டு நிலத்தைச் சுற்றி வளைத்தார்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் போல்டர் என்று பெயர், ஓர் எண்ணும் உண்டு. மொத்தம் 139. அமெரிக்க உதவிப் பணத்தில் வந்த திட்டம். உப்புநீரை வெளியே நிறுத்தி நெல் விளைவிப்பதுதான் நோக்கம். எண்பதுகளில் பாக்தா இறாலுக்கு நல்ல விலை வந்ததும் அதே கரைகளை வெட்டி உப்புநீரை உள்ளே விட்டார்கள். எதிர்த்தவர்கள் உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். 1990 நவம்பரில் பக்கத்துப் பைக்காச்சாவில், 22-ஆம் எண் போல்டரில், இறால் பண்ணைக்கு எதிராகத் திரண்ட கூட்டத்தில் கருணாமயி சர்தார் என்ற பெண் கொல்லப்பட்டார். அந்த ஊரில் இன்றும் ஆண்டுதோறும் அவருக்கு நினைவுநாள் நடக்கிறது.

2009 மே 25 அன்று ஐலா புயல். தாகோப்பின் 32-ஆம் எண் போல்டரில், சுதார்காலி, காமர்கோலா ஒன்றியங்களில் கரை உடைந்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆற்று ஓதம் ஊருக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. மக்கள் கரை மேலேயே குடிசை போட்டு இருந்தார்கள். அப்போது கெட்ட குளங்கள் பல இன்னும் தேறவில்லை. ஆழ்துளைக் கிணறு போட்டாலும் பெரும்பாலான இடங்களில் உப்புத்தான் வரும். குடிக்க இருப்பது மழைநீர்த் தொட்டி, குளத்து நீரை மணலும் செங்கல் ஜல்லியும் வழியாக வடிகட்டித் தரும் வடிகட்டித் தொட்டி, பணம் இருந்தால் ஆர்.ஓ. தண்ணீர். இந்தத் தாகோப்பில் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்துக்கும் குடிநீர் உப்புக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டும் மருத்துவ ஆய்வு 2011-இலேயே வெளியாகிவிட்டது.

இந்தக் கரையோரத்துக்குப் பணம் வராமல் இல்லை. கரைகளை உயர்த்த உலக வங்கி 2013-இல் 40 கோடி டாலர் ஒதுக்கியது. பசுமைக் காலநிலை நிதியம் 2018-இல் குல்னா, சாத்கீரா மாவட்டங்களில் பெண்களை முன்னிறுத்தி ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அரசின் பங்கையும் சேர்த்தால் சுமார் 3.3 கோடி டாலர். அதில் மழைநீர்த் தொட்டிகள் முக்கியப் பகுதி. என் கேள்வி சின்னது. தொட்டி யார் வீட்டு முற்றத்தில் நிற்கிறது? அது காலியான பிறகு யார் யாரிடம் தண்ணீர் வாங்குகிறார்கள், பதிலுக்கு என்ன கொடுக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு எப்போது போக வேண்டும் என்பதுதான் எல்லாம். கணக்குப் பாருங்கள். ஊரில் நான் பார்த்த பல தொட்டிகள் 2,000 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளுக்கு 15 லிட்டர் எடுத்தால் நாலரை மாதத்துக்குள் தீர்ந்துவிடும். அக்டோபர் கடைசியில் நிறைந்து நின்ற தொட்டி மார்ச் நடுவில் காலி. அங்கே சைத்ர மாதம் பிறக்கும் சமயம், நம் பங்குனி. அடுத்த நல்ல மழைக்கு ஜூன் வர வேண்டும். டிசம்பரில் போகிற ஆய்வாளருக்கு எல்லா வீட்டிலும் தண்ணீர் இருக்கும், எல்லாரும் திட்டம் நன்றாக நடக்கிறது என்பார்கள், அதுவே அறிக்கையாகவும் அச்சேறும். மதிப்பீட்டுக் குழுக்கள் பெரும்பாலும் வருவது வெயில் இல்லாத அந்த மாதங்களில்தான் என்று ஊரில் பல வீடுகளில் கேட்டேன். எனக்குப் பங்குனியும் சித்திரையும் வேண்டும். விண்ணப்பத்தில் இந்த 2,000 லிட்டர் கணக்கைத்தான் முதல் பத்தியில் எழுதினேன்.

விண்ணப்பம் கனமான வேலை என்றாலும் நியாயமான வேலை. என்ன ஆய்வு, ஏன் இப்போது, எங்கே, எந்த முறை, எவ்வளவு செலவு, என்ன ஆபத்து, ஆய்வால் யாருக்கும் தீங்கில்லை என்று பார்த்துப் பல்கலைக்கழகம் தரும் அறநெறி அனுமதி எந்த நிலையில், கைடின் பரிந்துரை. கோட்பாட்டு மேற்கோள்களை அள்ளிப் போட இதில் இடம் இல்லை, அது நல்லதுக்குத்தான். இந்தப் பணத்தால் ஊருக்கு என்ன பயன் என்பதை நேராகச் சொல்ல வேண்டியிருந்தது. பிஎச்.டி.யின் முதல் ஆண்டு முழுக்கக் கோட்பாட்டிலேயே மூழ்கிக் கிடந்த எனக்கு, வடிகட்டித் தொட்டியின் கைபம்பு உடைந்தால் யார் பழுது பார்ப்பது என்று யோசிக்க வைத்ததே இந்த விண்ணப்பம்தான்.

பட்ஜெட்டுக்கு வருவோம். இதில்தான் என் கருத்து மற்றவர்களோடு ஒத்துப்போகாது. சீனியர்கள் பலர் கொடுத்த மாதிரி பட்ஜெட்டுகளில் முதல் வரி விமான டிக்கெட். உதவியாளர் ஊதியம் கடைசியில் 'இதர செலவுகள்' என்ற தலைப்புக்குள் சுருங்கிக் கிடக்கும். நான் டிக்கெட்டைத் துறையின் பயணநிதிக்குத் தள்ளிவிட்டு, ஸ்லாசன் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உதவியாளர் ஊதியமாக எழுதினேன். பட்டம் முடித்தவருக்குக் குல்னாவில் தொண்டு நிறுவனங்கள் என்ன சம்பளம் கொடுக்கின்றன என்று விசாரித்து, அதற்குக் குறையாமல் போட்டேன். அவருடைய காப்பீடு, அவருடைய தங்குமிடம், விடுமுறை நாளுக்கான சம்பளம் எல்லாம் தனித்தனி வரி.

அவர் குல்னாவில் படித்து முடித்த பெண், தாகோப்புக்குப் பக்கத்து ஊர். ஆண் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அங்கே என் வேலையில் பாதிகூட நடந்திருக்காது. மாதவிடாய்த் துணியை உப்புத் தண்ணீரில் அலசுவதால் வரும் புண், கரு கலைந்தது, தண்ணீருக்குப் போகும் வழியில் நடந்த வம்பு இவற்றையெல்லாம் ஓர் ஆண் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எந்தப் பெண் பேசுவாள்? என் வங்காளி சந்தையில் பேரம் பேசக் காணும், இந்தப் பேச்சுக்குக் காணாது.

ஒன்றைச் சொல்கிறேன். சுதார்காலியில் ஒரு முற்றம். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, செங்கல் மேடை மேல். தொட்டியின் வயிற்றில் மூன்று அமைப்புகளின் சின்னங்கள், வெயிலில் ஒன்று பாதி உரிந்துவிட்டது. குழாயைச் சுற்றிச் சங்கிலி போட்டு ஒரு சின்னப் பூட்டு. தகரக் கூரையிலிருந்து வரும் குழாயின் வாயில் பழைய சேலைத் துணி கட்டியிருந்தது, இலை தழை போகாமல் இருக்க. வீட்டுக்கார அம்மா நல்லவர். தொட்டி இல்லாத இரண்டு வீடுகளுக்குத் தினமும் ஒரு குடம் கொடுக்கிறார், சும்மாதான் கொடுக்கிறேன் என்றார். வாங்கும் பெண்ணிடம் கேட்டோம். அவரும் சும்மாதான் தருகிறார்கள், காசு வாங்குவதில்லை என்றார். என் குறிப்பேட்டில் 'இலவசம், அண்டை உறவு' என்று எழுதினேன். பல ஆய்வுகள் அத்தோடு முடிந்துவிடும்.

நாங்கள் அந்த ஊரிலேயே தங்கியிருந்தோம். மூன்றாவது வாரத்தில் ஒரு விடியற்காலை, தண்ணீர் வாங்கும் வீட்டின் மூத்த பெண், பள்ளிக்கூடம் போகும் வயசு, தொட்டி வீட்டின் மாட்டுக்கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்ததை என் உதவியாளர் பார்த்தார். மறுநாளும் அதே நேரம். பிறகு நெல் புழுக்கும் நாளில் அவளே அடுப்படியில் நின்றாள். என்னை வைத்துக்கொண்டு அவர் அதைக் கேட்கவில்லை. தனியாகப் போய், அந்தப் பெண்ணின் அம்மாவோடு சாணி தட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்து வந்தார். மழைக்காலத்தில் அந்தப் பெண் அங்கே போவதில்லை. தொட்டி இல்லாத வீட்டின் பானைகளில் தண்ணீர் தீரும் மாதத்தில்தான் அவளுடைய வேலை தொடங்குகிறது. முதல் ஜூன் மழையோடு முடிகிறது. யாரும் இதைக் கூலி என்று சொல்வதில்லை. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தியதாக நினைப்பதும் இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பள்ளியில் காலை வகுப்பு போய்விடுகிறது, அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்ட பின் மற்ற வீடுகளிலும் கேள்வியை மாற்றிக் கேட்டோம். 'தண்ணீருக்கு என்ன கொடுக்கிறீர்கள்' என்பதை விட்டுவிட்டு, 'சைத்ர மாதத்தில் காலையில் யார் எங்கே இருப்பார்கள்' என்று கேட்டோம். ஆய்வேட்டின் மைய அத்தியாயம் அங்கேதான் பிறந்தது. மாதக் கணக்கில் தங்க முடிந்ததால், அந்த ஊர்ப் பேச்சும் பழக்கமும் தெரிந்த பெண் ஒருவர் முழு நேரமும் கூட இருந்ததால் கிடைத்த செய்தி இது. 3.3 கோடி டாலர் திட்டத்தில் எந்தப் படிவத்திலும் அந்தப் பெண்ணுக்கு ஒரு கட்டம் இல்லை. 3,000 பவுண்டு அவளைப் பார்க்க வைத்தது. இந்த விருதுக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பெண் அதற்குத்தான்.

போக்குவரத்துச் செலவு நான் பயந்த அளவுக்கு இல்லை. 2022 ஜூனில் பத்மா பாலம் திறந்த பிறகு டாக்காவிலிருந்து குல்னா பஸ்ஸில் அரைநாள் வேலைதான், படகுத்துறையில் காத்துக்கிடக்க வேண்டாம். குல்னாவிலிருந்து தாகோப்பில் இருக்கும் சால்னா என்ற ஊருக்குப் பஸ், ஆறு குறுக்கிட்டால் ஃபெர்ரி. அதற்கப்புறம் வாடகை மோட்டார் பைக்தான். ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்து கரை மேலேயே போக வேண்டும். மழை பெய்தால் அந்தக் கரை சேறாகிவிடும், பைக் நகராது, டிராலர் படகு பிடிக்க வேண்டும், செலவு பல மடங்கு. பட்ஜெட்டில் மழை நாளுக்கென்று தனியாக ஒரு தொகை வைத்திருந்ததால் தப்பித்தேன்.

ரசீது விஷயம் தனிக்கதை. பைக் ஓட்டுநரிடமும் படகுக்காரரிடமும் ரசீது எங்கே கேட்பது? எங்கள் பல்கலைக்கழக நிதி அலுவலகம் ஒவ்வொரு செலவுக்கும் அச்சடித்த ரசீது கேட்டது. டிக்கெட் பணத்தையும் நான் முதலில் கையிலிருந்து போட்டுவிட்டுப் பிறகுதான் வாங்க முடிந்தது, அதுவும் மாதங்கள் கழித்து. ஊரிலிருந்து காசு வரவழைக்க முடியாத மாணவர் என்ன செய்வார்? பல்கலைக்கழகங்கள் முன்பணம் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஏழை நாடுகளைப் பற்றிய ஆய்வை, கையில் காசுள்ளவர் மட்டுமே செய்யும்படி வைத்திருக்கிறது இந்த முறை.

நான் கண்ட வழி பிகாஷ். வங்கதேசத்தில் எந்த டீக்கடையிலும் பிகாஷ் மொபைல் பணம் ஓடும். உதவியாளர் ஊதியம், பைக் வாடகை, தங்கிய வீட்டு வாடகை எல்லாவற்றையும் முடிந்தவரை அதன் வழியே அனுப்பி, மாதக் கடைசியில் கணக்கு விவரத்தை அச்சிட்டு வைத்துக்கொண்டோம். மீதிக்கு உதவியாளர் வங்காளியில் அச்சடித்த சிறு வவுச்சர் புத்தகம்: தேதி, எதற்கு, எவ்வளவு, கையெழுத்து அல்லது கைநாட்டு. களத்துக்குக் கிளம்பும் முன்பே உங்கள் நிதி அலுவலகத்திடம் இந்த வவுச்சரைக் காட்டி மின்னஞ்சலில் சம்மதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

ஸ்லாசன் விருதின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதலாவது, இந்தத் தொகையில் ஓர் ஆள் சில மாதம் வேலை பார்க்கலாம், ஓர் ஆண்டு முடியாது. மழைக்காலத்தையும் வறட்சியையும் ஒப்பிட நினைப்பவர்கள் இன்னொரு கதவையும் தட்டியாக வேண்டும். இரண்டாவது, உறுப்பினர் சந்தா. மாணவருக்குக் குறைவுதான் என்றாலும், கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத பணத்துக்காக முதலில் பணம் கட்டச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. சந்தாவோடு நூலகமும் வரைபடச் சேகரிப்பும் கிடைக்கின்றன என்பது உண்மை. லண்டனுக்கு வெளியே படிப்பவருக்கு அதில் பாதிப் பயன்கூட இல்லை.

மூன்றாவது குறைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒரு தடவைப் பணம் இது. 2024 மே 26 அன்று ரெமால் புயல் இந்தக் கரையோரத்தைத் தாக்கியது. குளங்களில் மறுபடி உப்பு ஏறியது. நான் எழுதிக்கொண்டிருந்த வீடுகளின் தண்ணீர்க் கணக்கு ஒரே இரவில் மாறிவிட்டது. உதவியாளர் தொலைபேசியில் ஒவ்வொரு வீட்டு நிலவரமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். திரும்பிப் போக ஒரு சிறு தொகை இருந்திருந்தால், 500 பவுண்டு போதும், அது இன்னொரு ஆய்வுக்குச் சமமாகியிருக்கும். களப்பணி நிதி கொடுக்கும் எல்லோருமே, களப்பணி முடித்தவர் திரும்பிப் போய்வர ஒரு சின்ன நிதி ஒதுக்கி வைக்கலாம். புயலும் வெள்ளமும் நம் பிஎச்.டி. அட்டவணையைப் பார்த்து வருவதில்லை.

மற்ற இடங்களோடு ஒப்பிட்டால்? அமெரிக்காவில் படிப்பவர்களுக்கு தேசிய அறிவியல் அறக்கட்டளையின் புவியியல் பிரிவு ஆய்வேட்டுக் களப்பணிக்கு 20,000 டாலர் வரை கொடுத்துவந்தது. வளர்ச்சி ஆய்வுக்கு நிதி தரும் கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பும் வளரும் நாடுகளில் களப்பணி செய்யும் பிஎச்.டி. மாணவர்களுக்கு 20,000 கனடிய டாலர் வரை கொடுத்த காலம் உண்டு. அவற்றோடு ஸ்லாசனை அளவில் ஒப்பிட முடியாது. ஆனால் பெரிய மரங்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்க சமூக அறிவியல் ஆய்வுக் கவுன்சில் 1997 முதல் நடத்திய சர்வதேச ஆய்வேட்டு நல்கை இப்போது இல்லை. அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட்-ஹேஸ் ஆய்வேட்டு நல்கைக்கான 2025 போட்டியே ரத்தானது. பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியை 2021-இல் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 ஆக வெட்டியது. அந்த ஆண்டு ஆய்வுக் கவுன்சில்களின் வளர்ச்சி ஆய்வுத் திட்டங்களில் மட்டும் 12 கோடி பவுண்டு துண்டு விழுந்தது. 2027-இல் உதவி 0.3 ஆகப் போகிறது. அரசுப் பணம் இப்படி மேலும் கீழும் ஆடும்போது, யாரோ இருவர் சங்கத்தில் போட்டுவைத்த நன்கொடை அதே வேலையை அமைதியாகச் செய்துகொண்டிருப்பதை நான் மதிக்கிறேன். தனியார் நன்கொடை அரசின் பொறுப்பை ஈடுகட்டிவிடாது, அதுவும் தெரியும்.

சங்கத்திலேயே வேறு சிறு நல்கைகளும் உண்டு. டட்லி ஸ்டாம்ப் நினைவு விருது, ஜியாகிரஃபிகல் கிளப் விருது, ஹென்ரியெட்டா ஹட்டன் நல்கை போன்றவை. தொகை சிறியது, நோக்கம் வெவ்வேறு. உங்கள் தலைப்பு சுகாதாரம், குடிநீர், நில உரிமை, இடம்பெயர்வு, வாழ்வாதாரம் என்று இருந்தால் ஸ்லாசனுக்கே போங்கள். பனிப்பாறை, மண் அடுக்கு போன்ற இயற்கைப் புவியியலுக்கு வேறு விருதுகள் பொருந்தும்.

பணம் முடிந்ததும் அறிக்கை கொடுக்க வேண்டும். அதை எழுதியது எனக்குச் சுமையாகப் படவில்லை. ஊருக்குத் திரும்பச் சொல்வதற்கும் பட்ஜெட்டில் இடம் வைத்திருந்தேன். இரண்டு பக்கத்தில் வங்காளியில் சுருக்கம், படத்தோடு. சுதார்காலியில் ஒரு பள்ளி வராந்தாவில் கூட்டம். டீ, பிஸ்கட், சமோசா மாதிரியான சிங்காரா. வீட்டு அடையாளம் தெரியாதபடி மாற்றி, தண்ணீருக்கு ஈடாக நடக்கும் வேலையைப் பற்றி உதவியாளர்தான் பேசினார். பெண்கள் பக்கத்தில் சலசலப்பு. வயதான ஒரு அம்மா எழுந்து, தொட்டியை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பதாக இருந்தால் முதலில் ஆண் துணை இல்லாத வீடுகளுக்குக் கொடுக்கச் சொல்லி எழுது என்றார். எழுதினேன். ஒன்றிய அலுவலகத்துக்கும் திட்ட அலுவலகத்துக்கும் அந்தச் சுருக்கம் போனது. அடுத்த பட்டியலில் என்ன மாறும் என்பது அவர்கள் கையில்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரைப் புள்ளியைத் திரும்பிப் போக வழியில்லாததற்குக் குறைக்கிறேன். சந்தாவுக்காகக் குறைக்கவில்லை.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு: முதல் ஆண்டு முடிவதற்குள் உறுப்பினராகிவிடுங்கள். அறநெறி அனுமதிக்கான வேலையைத் தள்ளிப்போடாமல் சீக்கிரம் தொடங்குங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் பிரிட்டனுக்கு வெளியே இருக்கும் காலத்துக்குப் பல்கலைக்கழகத்தின் எழுத்து அனுமதியை முன்னதாகவே வாங்கி வையுங்கள். போகும் ஊரின் பருவத்தை, திருவிழாவை, அறுவடையைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் துறையின் கால அட்டவணையைப் பார்த்து அல்ல. பட்ஜெட்டில் முதல் வரியில் உதவியாளர் ஊதியம் வரட்டும். பெயர்களை எடுத்துவிட்டு என் பட்ஜெட் தாளையும் வவுச்சர் மாதிரியையும் பகிர நான் தயார், வேண்டியவர்கள் கேளுங்கள்.